இந்தியக் கணவாயை இனங்காணல்

கடலோர நகரங்களில் குடியேறி வாழும் தமிழ் நேயர்கள், மீனங்காடியில் குழாய்போல் நீண்ட வெண்ணிற உயிர் ஒன்றைக் கண்டிருப்பார்கள். மும்பையில் அதனை ‘மாகுல்’ என்பர். கொச்சியில் ‘கூந்தல்’ என்பர். நம் கரையோரத்தார் ‘கணவாய்’ என்பர். மீனோடு விற்கப்படினும் இது மீனன்று. நத்தைக்கும் சிப்பிக்கும் உறவான மெல்லுடலி.

நம் நாட்டின் இரு கரைகளிலும் மிகுதியாக அகப்படுவது இந்தியக் கணவாய். பிரெஞ்சு அறிஞர் தோர்பிஞி 1835-ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். அப்பெயர் துவோசெல் என்பாரை நினைவூட்டுகிறது. இந்தியாவில் உயிரினங்களைத் திரட்டி ஆராய்ந்த அவர், 1824-இல் சென்னையில் மறைந்தார்.

இதனை அறிந்துகொள்வது எங்ஙனம்? முதலாவது, உள்ளெலும்பு. உடலைப் பிளந்தால், கண்ணாடிபோல் தெளிந்த, இறகு வடிவான மெல்லிய தகடு காணப்படும். அதற்கு மாறாக, சித்த மருத்துவத்தில் ‘கடல்நுரை’ எனப்படும் வெள்ளை ஓடு இருப்பின், அது ஓட்டுக் கணவாய். இரண்டாவது, துடுப்பு. வளர்ந்த கணவாயில் அது பின்புறத்தில் சாய்சதுரமாக, உடல் நீளத்தில் பாதியளவோ சற்று மிகுந்தோ இருக்கும். துடுப்பு உடல் முழுவதும் ஓடுமாயின், பாக்கு விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கிடைக்கும் வேறோர் இனம் எனக் கொள்க. மூன்றாவது, கைகள். எட்டுக் கைகளோடு, இரையைப் பற்றும் நீண்ட கைகள் இரண்டும் உண்டு. எட்டு மட்டுமே இருப்பின் அது பேய்க்கணவாய்.

ஆழ்கடல் இதற்கு உறைவிடம் அன்று. கரையை அடுத்த ஆழங்குறைந்த கடற்பரப்பே இதன் வீடு. பகலில் அடித்தளத்தை ஒட்டித் திரியும், இரவில் மேலெழும், விளக்கொளியை நாடிவரும். இனப்பெருக்கக் காலத்தில் பெருங்கூட்டமாகக் கூடி, விரல் போன்ற கூழ்ப்பைகளில் முட்டையிட்டு, அவற்றைக் கடலடியில் கொத்துக் கொத்தாக ஒட்டிவைக்கும்.

இங்கேதான் நாம் கருத வேண்டிய செய்தி உளது. கணவாயின் ஆயுள் மிகக் குறுகியது; முட்டையிட்டபின் அது மடிகிறது. ஆகவே, இவ்வாண்டின் முட்டைகளே அடுத்த ஆண்டின் விளைச்சல். கடலடியை அரித்துச் செல்லும் இழுவலை, தாயோடு முட்டைக் கொத்துகளையும் அழிக்கக்கூடும். மேற்குக் கரையில் பருவமழைக் காலத்திலும், கிழக்குக் கரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரையிலும் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடை, கடலுக்கு ஓரளவு ஓய்வளிக்கிறது.

வாங்குவோர்க்கும் இதிற் பங்குண்டு. தோலின் புள்ளிகள் தெளிவாகவும் தசை வெண்மையாகவும் இருப்பின் புதியது. தசை இளஞ்சிவப்பாக மாறியிருப்பின் நாட்பட்டது. விரலளவேயான குஞ்சுகளைத் தவிர்த்து, வளர்ந்தவற்றையே வாங்குவோமாக. வாங்குவார் இல்லையெனில், குஞ்சுகளைத் தேடிப் பிடிப்பாரும் குறைவர்.