நாலு முடிச்சு நேரம்

"அம்மா, நீங்க ரேடியோல மட்டும்தான் சிரிப்பீங்களா?"

ஒரு மாலை, குளிக்க வரச் சொல்லி மூன்றாவது முறை நான் கத்திய பிறகு, ஐந்து வயது மகன் கேட்ட கேள்வி இது. கோபத்தில் கேட்கவில்லை. தினமும் காலையில் அப்பாவோடு காரில் பாலர் பள்ளிக்குப் போகும்போது என் குரலைக் கேட்கிறான். அந்தக் குரல் சிரிக்கிறது, நேயர்களிடம் வம்பு பேசுகிறது, முன்பின் தெரியாதவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறது. வீட்டுக்கு வருகிற அம்மாவோ வேறு ஆளாக இருக்கிறாள். அது ஏன் என்றுதான் கேட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வானொலி அறிவிப்பாளர் வேலை எனக்குப் பிடித்த வேலை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஓடுவதைப் பற்றிக்கூட எனக்குப் புகார் இல்லை. ஆனால் தகவல் ஊடகம் படித்த காலத்தில் நான் ஆசைப்பட்டது நாடகம் எழுத. கால் மணி நேர வானொலி நாடகங்கள். கல்யாணத்துக்குப் பிறகும், மகன் பிறந்த பிறகும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

"பிள்ளைங்க வளரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லாதவர்கள் இல்லை. நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். நம் நாட்டில் 2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தனியார் துறையில் அப்பாக்களுக்கும் 7 நாள் விடுப்பு வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் தொண்ணூற்று ஒன்பதாவது நாள் காலையில் வேலைக்குக் கிளம்புகிற அம்மா, தனக்கென்று வைத்திருந்த ஒன்றை எங்கே விட்டோம் என்று தேட எந்தச் சட்டமும் நேரம் ஒதுக்குவதில்லை.

கட்டிலுக்கு அடியில் ஒரு கூடை

அந்த வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் என்று போகும் அந்தப் பழைய சாலை எனக்கு மனப்பாடம். செகிஞ்சான் வயல்களைத் தாண்டி, சுங்கை பெசாரையும் தாண்டினால் பாகான் நக்கோடா ஓமார். ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் மீனவர் படகுகள் நிற்கும் சேற்றுக் கடல். நான் வளர்ந்த இடம்.

மகளின் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. எடுக்கக் குனிந்தபோது கையில் தட்டுப்பட்டது ஒரு ஒயர் கூடை. பச்சையும் வெள்ளையும். பாதிதான் பின்னியிருந்தது. மேலே ஒயர் நுனிகள் தலைவிரித்து நின்றன.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒயர் கூடை இல்லாத மூலையே கிடையாது. அம்மா தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை செய்தார். விடியும் முன்பே பிரட்டுக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் திரும்புவார். பிறகு துணி, சமையல், நாங்கள் மூன்று பேர். எல்லாம் முடிந்த பிறகு, வானொலி 6-இல் நாடகம் ஓட, வாசற்படியில் உட்கார்ந்து கூடை பின்னுவார். தீபாவளிக்குத் துணி எடுக்க கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போகும்போது மறக்காமல் நாலு கட்டு ஒயர் வாங்கி வருவார்.

"எப்படிம்மா உங்களுக்கு நேரம் கெடச்சுச்சு?" என்று கேட்டேன்.

"நேரம் எங்க கெடச்சுச்சு? நீ தூங்குற நேரத்துல நாலு முடிச்சு, சோறு வேகுற நேரத்துல நாலு முடிச்சு. நீ அழுதா கீழ போட்டுட்டு வருவேன். அது அப்படியே இருக்கும், அவுந்து போவாது."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "கையில கூடை இருந்தா யாரும் சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்ல மாட்டாங்க. அது ஒன்னுதான் என்னை உக்கார விட்டுச்சு. அதுவும் இல்லாம இருந்திருந்தா உங்க மூணு பேரையும் இன்னும் நாலு அடி சேத்து அடிச்சிருப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவிழாத வேலை

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மாவின் ஒரு வார்த்தைதான் மனத்தில் ஓடியது: அவுந்து போவாது. ஒயர் கூடை பின்னிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முடிச்சும் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். பாதியில் வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிள்ளை வளர்க்கிற வீட்டுக்கு ஏற்ற கலை அது. நானோ இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால்தான் எழுதுவேன் என்று காத்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரம் மூன்று வருடமாக வரவில்லை.

எழுதிச் சாதித்த அம்மாக்கள் சிலரின் கதையை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தேன்.

வை.மு.கோதைநாயகியை எடுத்துக்கொள்ளுங்கள். 1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் கையால் எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். எழுதத் தெரியாது என்பதை ஒரு தடையாக எடுத்துக்கொள்ளாமல், வாயால் சொல்லியே தொடங்கிவிட்டார். பிறகு எழுதக் கற்றுக்கொண்டு, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். நாவல்களைத் தொடராக, பகுதி பகுதியாக எழுதினார். 1960-இல் அவர் மறையும்போது 115 நாவல்கள். அவரும் ஒரு மகனுக்கு அம்மா.

அமெரிக்க எழுத்தாளர் டோனி மோரிசன் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தவர். பிள்ளைகள் எழுமுன் விடியற்காலையில் எழுதும் பழக்கம் அவருக்கு அந்த நாட்களில்தான் வந்தது. முதல் நாவல் 1970-இல் வந்தபோது வயது 39. 1993-இல் நோபல் பரிசு.

துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவின் நிலைமை இதைவிடக் கடுமை. பருவமடைந்ததும் படிப்பு நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் எழுதத் தடை. இரவில் குளியலறைக்குள் நின்றுகொண்டு, கிடைத்த தாளில் ஒளித்து எழுதினார். நாவலுக்கு அந்த நேரம் போதாது. கவிதைக்குப் போதும். அந்தத் தாள்கள் வெளியே போய்ச் சேர உதவியவர் அவரைப் பெற்ற அம்மா. 2000-இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற பெரிய நாவலே வந்தது.

இவர்கள் அளவுக்கு நாம் சாதிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எனக்கு அந்த ஆசையும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. நான் கவனித்தது ஒன்றுதான். இவர்கள் யாரும் நேரம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இருக்கிற துண்டு நேரத்துக்குள் அடங்குகிற ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிள்ளையைப் பிடிக்க ஒரு கை

இன்னொன்றும் உண்டு. கோதைநாயகிக்கு எழுதிக்கொடுக்க ஒரு தோழி இருந்தார். நாடகம் பார்க்க அழைத்துப் போன கணவர் இருந்தார். சல்மாவுக்கு அம்மா இருந்தார். தனி ஆளாக யாரும் கரை சேரவில்லை.

என் அம்மாவுக்கு உட்கார ஒரு சாக்கு தேவைப்பட்டது. முப்பது வருடம் கழித்து எனக்கும் தேவைப்படுகிறது என்பதுதான் உறுத்துகிறது. "கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்ததைச் செய்யப் போகிறேன்" என்று சொல்ல எனக்கே கூச்சம். கேக் செய்தால் "விக்கலாமே" என்கிறார்கள். பூத்தையல் போட்டால் "ஆர்டர் எடுக்கலாமே" என்கிறார்கள். அம்மா பின்னிய கூடைகள் ஒன்றுகூட விலைக்குப் போனதில்லை. பக்கத்து வீட்டு அத்தைக்கும், கோயிலுக்கும், எங்களுக்குமாகப் போய்விட்டன. காசாகாத சந்தோஷம் வீண் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

வீட்டில் கணவரிடம் வெளிப்படையாகப் பேசினேன். இரவு எட்டே கால் முதல் எட்டே முக்கால் வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு. முதல் வாரம் இரண்டு முறை கதவைத் தட்டி "பால் புட்டி எங்கே?" என்று கேட்டார். இரண்டாவது வாரம் கேட்கவில்லை. புட்டி எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் கலந்துவிடக் கூடாது. பிள்ளை பெற்ற பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்கவில்லை, குழந்தை மேல் ஒட்டுதலே வரவில்லை, உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றுகிறது என்றால், அதற்குக் கூடையும் கவிதையும் மருந்தாகாது. அது பேறுகாலத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். அரசாங்க சுகாதார மருந்தகத்தில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் போகிற மாதிரிதான் இதற்கும் போக வேண்டும்.

ஒரு நிமிட ஒலி

கால் மணி நேர நாடகம் இப்போது என்னால் முடியாது. ஒரு நிமிடம் முடியும். அதனால் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினேன். தகரக் கூரையில் மழை விழும் சத்தம். அதிகாலை ஐந்து மணிக்கு வெறிச்சோடிய சாலை. மகள் தன் பொம்மையை அதட்டும் குரல், அப்படியே என் குரல்! அந்த அரை மணி நேரத்தில் இவற்றை வெட்டி ஒட்டி, நாலு வரி சேர்த்து, ஒரு நிமிட ஒலிச்சித்திரமாக்குகிறேன். யாரும் கூப்பிட்டால் வைத்துவிட்டுப் போகலாம். அவிழ்ந்து போவதில்லை.

ஒலிபரப்புவதற்காக இவற்றைச் செய்யவில்லை. இதுவரை பதினேழு சேர்ந்திருக்கிறது. அவ்வளவு எளிதாகவும் இல்லை. போன வாரம் மகளுக்குச் சளி, ஒன்றும் செய்யவில்லை. அதற்கு முந்திய வாரம் அரை மணி நேரமும் தூங்கிவிட்டேன். பரவாயில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பழக்கத்தால் இன்னொரு மாற்றம் வந்தது. எதைப் பதிவு செய்யலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருப்பதால், முன்பு எரிச்சலூட்டிய சத்தங்கள் இப்போது கேட்கப் பிடிக்கின்றன. குளியலறையில் தண்ணீரை வாரியடிக்கும் சத்தம் உட்பட.

உங்களுக்கு அது கோலமாக இருக்கலாம். தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடியாக இருக்கலாம். காரில் தனியாகப் பாடும் இரண்டு பாட்டாக இருக்கலாம். இடையில் விட்டால் கெட்டுப்போகாத ஒன்றாகப் பார்த்து எடுங்கள். வீட்டில் ஒருவரிடம், "இந்த நேரம் எனக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சாக்கு வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். அவனும் தங்கையும் ஒரு தலையணைக்குச் சண்டை போட்டு இருவருமாக விழுந்த சத்தம். தன் குரலைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு திடீரென்று கையைத் தூக்கி, "இருங்க இருங்க, திரும்பப் போடுங்க" என்றான்.

போட்டேன். காதைக் கைப்பேசியோடு ஒட்டிவைத்துக் கேட்டான்.

"பின்னால சிரிக்கிறது யாரு? நீங்கதானே?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். நான்தான்.

அந்தப் பச்சை வெள்ளைக் கூடையை அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். மீதியை நானே பின்னப் போகிறேன் என்று சொன்னேன். "முதல்ல முடிச்சு போடக் கத்துக்கோ" என்றார் அம்மா.