குக்கி என்றால் தின்பதற்கல்ல!

குக்கி என்றதும் பிஸ்கட் என்று நினைத்து விடாதீர்கள். நம் நாஞ்சில் நாட்டு முந்திரிக்கொத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இது செல்போனுக்குள் சத்தமில்லாமல் வந்து உட்காரும் சமாசாரம்.

வடசேரிப் பக்கம் ஒரு பெண். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. வீட்டுக்கு ஒரே போன். மத்தியானம் அதில் கருத்தரிப்பு சிகிச்சை பற்றிப் படித்திருக்கிறாள். சாயங்காலம் மாமியார் சமையல் குறிப்பு பார்க்கப் போனால், பக்கத்துக்குப் பக்கம் கருத்தரிப்பு மைய விளம்பரம்! "இது யாரு மக்கா தேடினது?" என்று அவர் கேட்க, இவளுக்கு முகம் செத்துப் போயிற்று. "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலியேக்கா" என்று என்னிடம் வந்து அழுதாள்.

பெரிய ஜவுளிக்கடையில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்களே, குக்கியும் அப்படித்தான். நீங்கள் பார்க்கும் வலைத்தளம் ஒரு எண்ணை உங்கள் போனில் வைத்துவிடுகிறது. மறுபடி போனால் அதைப் பார்த்து, 'ஓ, அதே ஆள்' என்று கண்டுகொள்ளும். 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மோன்டுல்லி என்பவர் உண்டாக்கியது. இணையக் கடைக் கூடையில் போட்ட சாமான் மறைந்து போகாதிருக்க இது வேண்டும். அதுவரை சரிதான்.

வம்பெல்லாம் மூன்றாம் ஆளால்தான். ஒரே விளம்பரக் கம்பெனி நூறு கடை வாசலிலும் நின்று, அதே டோக்கனைப் பார்த்துக் குறித்துக்கொண்டால்? பெயர் தெரியாவிட்டாலும், நாம் ஏறி இறங்கிய படியெல்லாம் தெரிந்துவிடுமே!

குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு அமைப்புகளுக்குள் போனால், மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்க வழி இருக்கிறது. பழையவற்றை அழிக்கவும் செய்யலாம். பிறகு சில தளங்கள் பாஸ்வேர்டை மறுபடி கேட்கும், அவ்வளவே. அந்தரங்கமான விஷயமா? 'இன்காக்னிட்டோ'வில் தேடுங்கள். மூடியதும் சுவடு போனில் தங்காது. ஆனால் அதற்குள்ளும் கூகுள் கணக்கில் நுழைந்தால், அங்கே தனியாகப் பதிவாகலாம்! இதைப் பலர் கவனிப்பதில்லை.

'அனைத்தையும் ஏற்கிறேன்' என்று பெரிசாகப் பொத்தான் வந்தால் உடனே அமுக்காதீர்கள். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் மறுக்கிற பொத்தானும் இருக்கலாம். சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாயிருக்க வேண்டும் என்று நம் நாட்டில் 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.