ராத்திரி எட்டு மணிக்கு அப்பா குரல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "குழந்தைக்கு இதில் என்ன போட்டுக் காட்டலாம்?" என்பதுதான். நான் காட்டியது எதுவும் இல்லை. மானிட்டரை அணைத்து வைத்துத்தான் பயன்படுத்தினேன். அதைப் பற்றியும், அதில் எனக்குக் கிடைத்த சின்ன அடியைப் பற்றியும் இங்கு எழுதுகிறேன்.

என் வீடு செங்கல்பட்டில். சாஃப்ட்வேர் வேலை தரமணியில். மின்சார ரயிலில் கிண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிறகு பஸ். வீட்டு வாசலில் இருந்து நாற்காலி வரை இரண்டு மணி நேரம். போக வர நான்கு. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 20 மணி நேரம். காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது மூன்று வயது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம். அப்போது அவள் பிறக்கவே இல்லை. இவள் பிறந்து தவழ ஆரம்பித்தபோது அலுவலகம் எங்களைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டது.

"அலுவலகத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்குமே?" என்று கேட்பீர்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் சட்டத் திருத்தமே வந்தது. ஆனால் காப்பகம் பயணத்தின் மறுமுனையில் இருந்தால் குழந்தையும் அல்லவா நான்கு மணி நேரம் ரயிலிலும் பஸ்ஸிலும் வர வேண்டும்!

முதலில் வீடியோ காலில் பேசிப் பார்த்தேன். சரிப்படவில்லை. மாலையில் கிண்டிக்கு வரும் வண்டி ஏற்கனவே நிரம்பித்தான் வரும். தாம்பரம் தாண்டும் வரை ஒரு கை கம்பியில், மறு கையில் பை. போனைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். படம் அங்கங்கே உறைந்து நிற்கும். மகள் இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுவாள். டேட்டா கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள்: விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அரை மணி நேரம் பேசினால் சுமார் 225 எம்.பி. செலவாகும். குரலை மட்டும் 128 கிலோபிட் தரத்தில் பதிவு செய்தால் 10 நிமிடத்துக்கு 10 எம்.பி. கூட வராது.

எனவே கதைகளைப் பதிவு செய்து வைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் திரை முன் உட்காரும் நேரம் ஒரு நாளில் ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. குரலுக்குத் திரை தேவையில்லையே!

விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் கிளிக் செய்து சவுண்ட் ரெக்கார்டர் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் விண்டோவில் சிவப்பு வட்டத்தை அழுத்திப் பேச வேண்டியதுதான். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் மைக் இருக்காது. மைக் உள்ள ஹெட்போனைச் செருகிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து ஐந்து கதைகள் பதிவு செய்தேன். சி டிரைவில் கதைகள் என்று ஒரு போல்டர் உருவாக்கி, பைல்களை அதில் காப்பி செய்து, திங்கள், செவ்வாய் என்று பெயர் மாற்றினேன். பெயரில் இடைவெளி விடாதீர்கள். பின்னால் சிக்கல் தரும்.

அடுத்து, எட்டு மணி ஆனதும் கதை தானாக ஒலிக்க வேண்டும். இதற்கு விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் என்ற வசதி உள்ளது. குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்யும் எடுபிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் இதன் பெயரை டைப் செய்து திறக்கவும். வலது பக்கம் கிரியேட் பேசிக் டாஸ்க் என்று இருக்கும். அதில் கிளிக் செய்து ஒரு பெயர் கொடுத்து நெக்ஸ்ட் அழுத்தவும். வீக்லி என்பதைத் தேர்ந்தெடுத்து, கிழமையையும் நேரத்தையும் அமைக்கவும். அடுத்து ஸ்டார்ட் எ புரோகிராம் என்பதைத் தேர்வு செய்து, பிரவுஸ் மூலம் அந்தக் கிழமைக்கான கதைப் பைலைக் காட்டி, பினிஷ் அழுத்தி வெளியேறவும். ஐந்து கிழமைக்கும் ஐந்து முறை இப்படிச் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் இயக்கத்தில் இருந்தால்தான் இது நடக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் பகுதிக்குச் சென்று, அது தானாகத் தூங்கப் போகாதபடி மாற்றிவிடுங்கள்.

இங்கே புதியவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். மானிட்டர் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரே நின்றுவிடும் என்று என் அம்மாவும் நினைத்தார். நிற்காது. திரைதான் இருட்டாகும், சி.பி.யு. பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஆனால் ஒலி மானிட்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் இருந்து வருகிறது என்றால், திரையோடு அதுவும் ஊமையாகிவிடும். எனக்கு முதல் நாள் அதுதான் நடந்தது. தனி ஸ்பீக்கர் வாங்கி சி.பி.யு.வில் செருகிய பிறகு சரியானது.

இரண்டு மாதம் அருமையாக ஓடியது. எட்டு மணி ஆனால் மகள் ஸ்பீக்கர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறாள் என்று அம்மா சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் என்று விடுப்பில் இருந்தேன். இரவு அவளை மடியில் வைத்துப் பாட்டி வடை சுட்ட கதையை ஆரம்பித்தேன். காகம் வடையைத் தூக்குவதற்குள் எட்டு மணி ஆகிவிட்டது. ஸ்பீக்கரில் என் குரல். அவள் மடியில் இருந்து இறங்கினாள். என் வாயில் விரலை வைத்து, "உஷ்... பேசாதப்பா, அப்பா கதை சொல்றாங்க" என்றாள்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாளே பயண நேரத்தைத் திரும்பக் கணக்குப் போட்டேன். மாலைப் பயணம் எதற்கும் உதவாது. ஆனால் காலையில் செங்கல்பட்டிலேயே புறப்படும் வண்டியில் ஏறினால் உட்கார இடம் நிச்சயம். கூடுவாஞ்சேரி வருவதற்குள் கூட்டம் நிரம்பிவிடும். உட்கார்ந்தவருக்குக் கவலை இல்லை. அந்த ஒரு மணி நேரம் வேலை செய்யலாம். போன் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் இன்டர்நெட்டை நம்பக்கூடாது. ஒன்டிரைவில் பைல் வைத்திருப்பவர்கள் முதல் நாள் இரவே அதன் மீது ரைட் கிளிக் செய்து, ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ் என்பதைத் தேர்வு செய்துவிடுங்கள். பைல் முழுதாக லேப்டாப்பிலேயே இறங்கிவிடும். அலுவலகப் பைல்களை வெளி இடத்தில் திறக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்; பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் திரையைத்தான் படித்துக்கொண்டு வருவார்.

இதைக் காட்டித்தான் மேலாளரிடம் பேசினேன். செவ்வாய், வியாழன் நான்கு மணிக்குக் கிளம்புகிறேன். காலை ரயிலில் ஒரு மணி நேரம், இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் ஒரு மணி நேரம் வேலை செய்கிறேன் என்றேன். இரவு வேலைக்கு வி.பி.என். வழியாக அலுவலக நெட்வொர்க்கில் நுழைகிறேன். இது வீட்டு இன்டர்நெட்டுக்குள்ளேயே அலுவலகம் வரை போடப்படும் மூடிய குழாய் போன்றது. நடுவில் இருப்பவர்கள் உள்ளே போவதைப் படிக்க முடியாது. மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் மேலாளர். புதன்கிழமை கேட்டதற்கு மட்டும் மறுத்துவிட்டார். அன்று மாலை அமெரிக்க வாடிக்கையாளருடன் மீட்டிங்.

தேவையில்லாத டாஸ்க்கை நீக்குவது எளிது. டாஸ்க் ஷெட்யூலரில் இடது பக்கம் உள்ள லைப்ரரியில் கிளிக் செய்தால் பட்டியல் வரும். வேண்டாததன் மீது ரைட் கிளிக் செய்து டெலீட் கொடுக்கவும். செவ்வாயையும் வியாழனையும் நீக்கிவிட்டேன். முதல் செவ்வாய் எட்டு மணிக்கு மகள் வழக்கம்போல ஸ்பீக்கர் முன்னால் போய் உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாட்டினி டிக்கெட் வாங்கியவர்கள் மாதிரி இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான்தான் ஆரம்பித்தேன்.