குளிருக்கு யார் பொறுப்பு?

தறப்பாள் கொட்டில்களிலும் தகரக் கொட்டகைகளிலும் வெயிலில் வெந்த சகோதரிகளுக்கு, குளிரும் ஒரு வீட்டுப் பிரச்சினை என்றால் சிரிப்பு வரலாம். 1977 கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வவுனியாவில் வளர்ந்த நான் கல்யாணம் முடித்து அப்புத்தளைக்கு வந்தபோதுதான் குளிர் என்றால் என்னவென்று கண்டேன். 1,400 மீற்றருக்கு மேலே உள்ள ஊர். மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் பகலிலேயே காம்பராவுக்குள் வந்துவிடும். தகரத்தில் படியும் நீர் விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகப் பாயில் விழும்.

தம்பேத்தன்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்னும் நிற்கிறது. கொழுந்து வாட்டும் மாடிகளுக்குச் சூடான காற்றை ஏற்றக் கணக்குப் பார்த்துக் கட்டுவது அக்காலத் தொழிற்சாலைகளின் வழக்கம். கொழுந்து பறித்தவளின் காம்பராவுக்கு அந்தக் கணக்கு இருக்கவில்லை.

சட்டத்திலும் இல்லை. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வெளிச்சம், காற்றோட்டம், அறையின் உயரம் பற்றிப் பேசுகிறது. வீட்டுக்குள் எத்தனை பாகை சூடு வேண்டும் என்று பேசவில்லை. கனடாவில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். டொரன்டோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டை 21 பாகை செல்சியசில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. நியூசிலாந்தில் 2019இல் வந்த விதிகளும் வாடகை வீட்டின் பிரதான அறையை 18 பாகைக்குச் சூடாக்க வசதி வேண்டும் என்கின்றன. ஆனால் பழைய வீடொன்றில் சொந்தக்காரியே குடியிருந்தால் இந்த விதிகள் அவளுக்கு இல்லை. அவள் குளிரை அவளே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேயும் அப்படித்தான். லயன் கூரை ஒழுகினால் துரையிடம் போய்ச் சொல்லலாம். செய்வாரோ இல்லையோ, கேட்க ஒருவர் உண்டு. 7 பேர்ச் காணிக்கு உறுதி கைக்கு வந்துவிட்டால் கூரையும் நம்முடையது, ஒழுக்கும் நம்முடையது. அதற்காக உறுதி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பெண்ணின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள் என்பேன்.

இப்போதைக்கு எங்களுக்குச் சூடு தருவது அடுப்பு ஒன்றுதான். கவ்வாத்து வெட்டிய மிலாறைக் கட்டிச் சுமந்து வந்து எரிக்கிறோம். புகைபோக்கி வைத்தால் புகையோடு சூடும் போய்விடுகிறது என்று அதைச் சாக்கால் அடைக்கிறவர்கள் உண்டு. என் மாமி அப்படித்தான். "புகை இல்லாட்டி வீடு விறைச்சுப்போகும்" என்பார். இரவெல்லாம் இருமுவதும் அவர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020இல் வீட்டு அடுப்புப் புகை முதலானவற்றால் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள்.

ஆகவே புகைபோக்கியைத் திறந்தே வையுங்கள். சூட்டைப் படுக்கும் அறையில் பிடித்து வையுங்கள். அங்கே தகரத்துக்குக் கீழே ஒரு தட்டு அடித்து, சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள சந்தை அடைத்தால் வித்தியாசம் தெரியும். அடுப்பு உள்ள பக்கம் அந்தச் சந்து திறந்தே இருக்கட்டும். தணல் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கவே கூடாது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

புகைக்குப் பயந்து குசினியை வெளியே கட்டுவது நல்ல யோசனை. ஆனால் லயனுக்குப் பின்னால் இருப்பது மண்மேடு. இடத்துக்காக அதை வெட்டுகிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்ணுக்குள் போன கொஸ்லந்தை மீரியபெத்தை, ஏற்கனவே எச்சரிக்கப்பட்ட இடம். பதுளை மாவட்டத்தில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெற வேண்டும். பதுளையில் அதற்கு அலுவலகம் உண்டு. சுவரில் புதிய வெடிப்பு, திடீரென்று இறுகிப்போகும் கதவு, சாயும் மரம், புதிதாக ஊறும் நீர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் மண்வெட்டியை வைத்துவிட்டு, கிராம உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லுங்கள்.