இரு வழி சென்ற நியூட்ரான்

அமைதியான குளத்தில் ஒரு கல்லை எறிந்தால், வட்ட வட்டமாக அலைகள் எழுந்து பரவுதலைக் காண்கிறோம். சற்று அப்பால் மற்றொரு கல்லையும் எறிந்தால், இரண்டு அலைகளும் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும். முகடும் முகடும் கூடுமிடத்தில் நீர் மிக உயரும். முகடும் பள்ளமும் கூடுமிடத்தில் நீர் அசையாது நிற்கும். அலைகள் இவ்வாறு கூடி வலுத்தலும் மெலிதலும் குறுக்கீடு எனப்படும். கற்களுக்கோ இவ்வியல்பு இல்லை. ஒரு கல்லும் மற்றொரு கல்லும் சேர்ந்து, கல்லே இல்லாமற் போனதை எவரும் கண்டதில்லை. ஆகவே அலையின் இயல்பு வேறு, பொருளின் இயல்பு வேறு என்று மக்கள் நெடுங்காலம் எண்ணி வந்தனர். அணுவினும் நுண்ணிய உலகில் இவ்வெண்ணம் செல்லாது என்பதை இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் காட்டிற்று. அதனைத் தெளிவுற விளக்கிய சோதனைகளுள் நியூட்ரானைக் கொண்டு செய்தவை சிறந்த இடம் பெறுவன.

நியூட்ரான் என்பது யாது? அணுவின் நடுவில் அணுக்கரு உளது. ஹைட்ரஜன் ஒழிந்த பிற தனிமங்களின் கருவில் புரோட்டான், நியூட்ரான் என்னும் இருவகைத் துகள்கள் செறிந்துள்ளன. புரோட்டான் மின்னூட்டம் உடையது. நியூட்ரான் மின்னூட்டம் அற்றது. 1932ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரில் ஜேம்ஸ் சாட்விக் என்னும் அறிஞர் இதனைக் கண்டறிந்தார். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, லூயி டி பிராய் என்னும் பிரெஞ்சு அறிஞர், பொருள்துகள் ஒவ்வொன்றும் அலையின் இயல்பையும் உடையது என்று மொழிந்திருந்தார். அணு உலையில் தோன்றி, வேகம் தணிந்து, நொடிக்கு ஏறத்தாழ 2,200 மீட்டர் செல்லும் நியூட்ரானின் அலைநீளம் மிக மிகச் சிறிது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே அதன் அளவாகும். படிகத்தில் அணுக்களுக்கு இடையேயுள்ள தொலைவும் ஏறத்தாழ இத்தகையதே. ஆதலின் படிகத்தின் அணு வரிசைகள் நியூட்ரான் அலையைப் பிரிக்கவும் திருப்பவும் வல்லன.

இவ்வுண்மையைத் துணைக்கொண்டு 1974ஆம் ஆண்டில் ஹெல்முட் ரௌஹ், வோல்ஃப்காங் டிரைமர், உல்ரிஹ் போன்சே என்னும் மூவர், ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் இருந்த சிறிய அணு உலையில் ஓர் அரிய கருவியை இயக்கிக் காட்டினர். குறையற்ற ஒரே சிலிக்கன் படிகத்தில் மூன்று தகடுகளைச் செதுக்கி, அடிப்பகுதியைப் பிரிக்காமல் விட்டனர். ஒரே பாறையில் குடைந்த தூண்கள் தளத்தோடு ஒன்றி நிற்பது போல அம்மூன்று தகடுகளும் நின்றன. அதனால் அவற்றின் அணு வரிசைகள் தம்முள் இம்மியும் பிறழவில்லை. முதல் தகடு நியூட்ரான் அலையை இரண்டாகப் பிரிக்கும். நடுத்தகடு அவ்விரண்டையும் ஒன்றையொன்று நோக்கித் திருப்பும். மூன்றாம் தகட்டில் அவை மீண்டும் கூடும். அப்பால் இரு திசைகளில் இரண்டு எண்ணிகள் வைக்கப்பட்டிருக்கும். இரு வழிகளின் குறுக்கே ஓர் அலுமினியத் தகட்டை வைத்துச் சிறிது சிறிதாகத் திருப்பினால், ஓர் எண்ணியில் எண்ணிக்கை ஏறும்போது மற்றதில் இறங்கும். பின்னர் இதில் இறங்கும்போது அதில் ஏறும். குளத்து அலைகளில் கண்ட குறுக்கீடே இங்கும் நிகழ்கின்றது.

இதில் வியப்பு யாது எனின், கருவிக்குள் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரே நியூட்ரான்தான் உளது. அது கருவியைக் கடந்து எண்ணியில் பதியும் வேளையில், அடுத்து வரவேண்டிய நியூட்ரான் உலையிலுள்ள யுரேனியக் கருவை விட்டு இன்னும் வெளிப்பட்டிராது. எனவே ஒரு நியூட்ரான் மற்றொரு நியூட்ரானோடு கூடிக் குறுக்கிட்டது என்று கூற இயலாது. ஒவ்வொரு நியூட்ரானும் சில சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரு வழிகளையும் தழுவிய ஓர் அலையாகச் செல்கின்றது. ஆயினும் எண்ணியில் பதியும்போது பிளவுபடாத ஒரே துகளாகப் பதிகின்றது.

இவ்வியல்பு எப்போதும் நிலைத்திருக்குமோ? அதனை ஆராய நியூட்ரானின் மற்றொரு பண்பு உதவிற்று. மின்னூட்டம் அற்றதாயினும் நியூட்ரான் ஒரு நுண்ணிய காந்தம் போன்றது. அதன் தற்சுழற்சி மேல்நோக்கியும் இருக்கலாம், கீழ்நோக்கியும் இருக்கலாம். சும்ஹாமர், ரௌஹ் முதலியோர் 1983இல் வெளியிட்ட சோதனையில், மேல்நோக்கிய தற்சுழற்சியுடைய நியூட்ரான்களைக் கருவிக்குள் செலுத்தி, ஒரு வழியில் மட்டும் காந்தப் புலத்தால் தற்சுழற்சியைத் தலைகீழாக்கினர். உடனே எண்ணிகளில் ஏற்ற இறக்கம் மறைந்து போயிற்று! எந்த வழி என்னும் செய்தியைத் தற்சுழற்சி தாங்கி நின்றமையே அதற்குக் காரணம். அச்செய்தியை எவரும் படித்தறிய வேண்டுவதில்லை. அஃது எங்கேனும் பதிந்திருந்தாலே குறுக்கீடு மறையும். ஆனால் அவ்வறிஞர்கள் தற்சுழற்சியைப் பக்கவாட்டுத் திசையில் அளந்தபோது, மறைந்த ஏற்ற இறக்கம் மீண்டும் தோன்றிற்று. அது அழியவில்லை, வழிக்கும் தற்சுழற்சிக்கும் இடையேயுள்ள உறவில் ஒளிந்திருந்தது என்பது தெளிவாயிற்று.

இத்தகைய உறவினைப் பின்னல் என்பர். இதற்கு 1935இல் பெயரிட்டவர் வியன்னாவில் பிறந்த எர்வின் சுரோடிங்கர் ஆவார். பின்னலில் ஒவ்வொரு கூறும் தனக்கெனத் திட்டமான நிலையின்றி இருக்கும். முழுமைக்கே திட்டமான நிலை உண்டு. ‘அளப்பதற்கு முன்பே ஒவ்வொரு பண்பும் ஒரு மதிப்பைப் பெற்றிருக்கும், அதனோடு வேறு எதனை அளந்தாலும் அம்மதிப்பு மாறாது’ என்பது நம் அன்றாட நம்பிக்கை. அஃது உண்மையாயின், நான்கு வகை அளவீடுகளிலிருந்து கணக்கிடும் ஓர் எண் 2ஐத் தாண்டலாகாது. குவாண்டம் கொள்கையோ அவ்வெண் 2.83 வரை உயரலாம் என்கிறது. யூஜி ஹசெகாவாவும் ரௌஹ் முதலியோரும் பிரான்சிலுள்ள கிரெனோபிள் நகர உலையில் நியூட்ரானின் வழியையும் தற்சுழற்சியையும் பின்னி அளந்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். கிடைத்த எண் 2.051; பிழை எல்லை 0.019. எல்லை தாண்டப்பட்டது, அன்றாட நம்பிக்கை தளர்ந்தது. எனினும் அவ்வெண் 2.83ஐ எட்டவில்லை. கருவியில் குறுக்கீடு முழுமையாக அமையாமையே அதற்குக் காரணம்.

குறுக்கீட்டைக் குலைப்பன யாவை? படிகத்தின் நுண்ணிய அதிர்வும் வெப்பநிலை வேறுபாடும் அதனைக் குலைக்கும். 2010இல் வியன்னா அறிஞர்கள் ஒழுங்கின்றி மாறும் காந்தப் புலத்தை வேண்டுமென்றே வழியில் அமைத்தனர். புலத்தின் குழப்பம் மிக மிக, ஏற்ற இறக்கம் மெலிந்தது. நூறு பேர் கூடித் தாளமிடும்போது ஒவ்வொருவரும் தத்தம் தாளத்தில் தவறாதிருப்பினும், தொடக்கம் ஒவ்வாதாயின் இரைச்சலே எஞ்சும். அதுபோல ஒவ்வொரு நியூட்ரானும் குறுக்கிட்டாலும், முகடுகள் ஒவ்வாமையால் தொகையில் ஒன்றும் தோன்றாது. இது குலைவின் ஒரு வகை.

மற்றொரு வகை இன்னும் ஆழமானது. வழியைப் பற்றிய செய்தி, நாம் அளக்கக்கூடிய தற்சுழற்சியில் பதியாமல், சுற்றியுள்ள எண்ணிறந்த அணுக்களில் சிதறிப் பதியுமாயின் என்னாகும்? அப்போதும் பின்னலே உண்டாகின்றது. ஆயின் அதன் மறுமுனை நம் கைக்கு எட்டாது. மறைந்ததை மீட்கவும் இயலாது. இதனையே ஒத்திசைவுக் குலைவு என்பர். கல்லும் மரமும் நாமும் காற்றாலும் ஒளியாலும் வெப்பத்தாலும் ஓயாது தீண்டப்படுகின்றோம். அதனாலேயே குளத்தில் எறிந்த கல் இரு வழிகளில் சென்று குறுக்கிடுவதில்லை. கல்லுக்கு ஒரு விதி, நியூட்ரானுக்கு ஒரு விதி என்பதன்று. விதி ஒன்றே, தனிமையே வேறு. மின்னூட்டம் இன்மையால் நியூட்ரான் சுற்றுப்புறத்தோடு மிகக் குறைவாகவே உறவாடுகின்றது. ஆதலின் இவ்விதியைக் காண அது நல்ல கருவியாயிற்று.

குவாண்டம் கணிப்பொறிகளை ஆக்க முயல்வோர்க்கு இவ்வறிவு இன்றியமையாதது. வேண்டிய பின்னலைக் காத்தலும் வேண்டாத பின்னலைத் தடுத்தலுமே அவர்தம் பெரும்பணி. மாணவர்களே! பின்னலும் குலைவும் பகைப் பொருள்கள் அல்ல. அவை ஒரே உறவின் இரு முகங்கள். உறவு நம் கைக்குள் நின்றால் அது செல்வம். எண்ணிறந்த பொருள்களில் சிதறினால் அது நமக்கு இழப்பு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு படிகமும், கண்ணுக்குப் புலனாகாத ஒரு துகளும் இப்பேருண்மையை நமக்கு உணர்த்துகின்றன.