அண்டர்டேக்கர் தோற்ற அன்று!

“எல்லாம் டூப்புதானே சார்?”

நான் மல்யுத்தம் பார்ப்பவன் என்று தெரிந்ததும் ஆபீஸில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்பவர் முகத்தில், ஏதோ சுவிஸ் பாங்க் ரகசியத்தைக் கண்டுபிடித்து விட்டாற்போல ஒரு மினுமினுப்பு வேறு!

டூப்புதான் ஸ்வாமி. யார் ஜெயிக்க வேண்டும், யார் மல்லாக்க விழ வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்வதுதான். இதைக் கண்டுபிடிக்க சி.பி.ஐ. தேவையில்லை. அந்தக் கம்பெனியே 1989-ல் நியூ ஜெர்ஸி மாநில அரசிடம், ‘எங்களுடையது நிஜப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு’ என்று ஒப்புக்கொண்டது. காரணம்? விளையாட்டு என்றால் வரி, லைசென்ஸ், கட்டுப்பாடு. பொழுதுபோக்கு என்றால் அந்தத் தலைவலி கிடையாது. பி.காம். படித்தவன் என்ற முறையில் அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதையே உண்டு.

ஆனால் தியேட்டரில் க்ளைமாக்ஸ் சமயத்தில் கர்ச்சீப்பைத் தேடுகிற ஆசாமியிடம் போய், ‘டூப்புதானே சார்?’ என்று யாராவது கேட்கிறார்களா? என்னிடம் மட்டும் ஏன்?

போகட்டும். நான் சொல்ல வந்தது 2014 ஏப்ரல் 6-ம் தேதி சமாசாரம். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ், சூப்பர்டோம் ஸ்டேடியம். ரெஸில்மேனியா 30. கூட்டம் 75,167 என்று கம்பெனி அறிவித்தது. நமக்கு அப்போது திங்கட்கிழமை விடிகாலை. நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில், வருஷக் கடைசிக் கணக்கை முடித்த களைப்பில் குறட்டை.

அன்று பகல் முழுக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! ரிசல்ட் தெரிந்து விடக்கூடாது என்று போனில் இன்டர்நெட்டை அணைத்தேன். கேன்டீனில் இரண்டு பையன்கள் ‘அண்டர்டே...’ என்று ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு, பாதி டீயோடு ஓடி வந்து விட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ரூம்மேட் பென் டிரைவை ஆட்டிக்கொண்டு வந்தான். “மச்சி, நாலு மணி நேரம்டா. பரோட்டா வாங்கிட்டு வந்துட்டேன்.”

மூன்றாவது பார்வையாளர், பக்கத்து அறைப் பெரியவர். ரிடையரான குமாஸ்தா. தாராசிங் பெயரைக் கேட்டே வளர்ந்த தலைமுறை. தூக்கம் வராத வியாதி உள்ளவர் என்பதால் எங்கள் ரூமுக்கு நிரந்தர விசிட்டர். அண்டர்டேக்கரா, பிராக் லெஸ்னரா என்று பந்தயம். நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அண்டர்டேக்கர். பெரியவர் மட்டும் லெஸ்னர். தோற்றவர்கள் பத்து நாள் மெஸ் சாப்பாடு வாங்கித் தர வேண்டும்.

“என்ன சார் நீங்க... இருபத்தொரு தடவை தோக்காதவன் சார் அவன்!”

“அதனாலதான் தம்பி சொல்றேன். ரிடையர் ஆகப்போறவன் தலையிலதான் கடைசி ஃபைலைக் கட்டுவாங்க. நான் அனுபவிச்சவன்.”

நாங்கள் சிரித்தோம்.

ஆரம்பத்தில் ஹல்க் ஹோகன் வந்தார். வந்தவர் சூப்பர்டோம் என்பதற்குப் பதில் ‘சில்வர்டோம்’ என்று சொல்லி, ஸ்டேடியமே கொல்லென்று சிரித்தது. 1987-ல் ஆந்த்ரே என்ற ராட்சதரை அவர் தூக்கிப் போட்ட இடம் சில்வர்டோம். மனுஷர் மனசு அங்கேயே தங்கி விட்டது! பிறகு வந்த ஸ்டீவ் ஆஸ்டினும் ராக்கும் அதை வைத்தே கிண்டல் பண்ண, மூன்று பேரையும் ஒரே ரிங்கில் பார்த்ததில் பரோட்டா ஆறிப்போனது. ஹோகன் 2025 ஜூலையில் காலமானபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த உளறல்தான்.

முதல் மோதல் டேனியல் பிரையனும் ட்ரிபிள் ஹெச்சும். இங்கேதான் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

பிரையன் சராசரி உயரம். தாடி. பார்த்தால் ஆர்கானிக் கடையில் கம்பு, கேழ்வரகு விற்பவர் மாதிரி இருப்பார். ஆனால் ரிங்குக்குள் வந்தால் அவரளவு சுத்தமாக வேலை தெரிந்தவர் அந்தக் கம்பெனியில் கிடையாது. மேலிடமோ அவரை ‘பி ப்ளஸ்’ ஆசாமி என்று மட்டம் தட்டியது. மேலிடம் என்றால் முதலாளி வின்ஸ் மக்மேனின் மகள் ஸ்டெஃபனியும், மாப்பிள்ளை ட்ரிபிள் ஹெச்சும். கதைக்காகத்தான் அப்படிப் பேசினார்கள் என்பார்கள். ஆனால் ஜனவரியில் ராயல் ரம்பிளில் பிரையனை இறக்கவே இல்லையே! திரும்பி வந்த பட்டிஸ்டாவை ஜெயிக்க வைத்தார்கள். ஜனங்கள் ‘பூ’ என்று கத்தியது எழுதி வைத்த வசனம் அல்ல. ராண்டி ஆர்ட்டன் - பட்டிஸ்டா என்று போட்டு வைத்திருந்த மெயின் மேட்ச் அந்தச் சத்தத்தில்தான் மாறியது. ட்ரிபிள் ஹெச்சை ஜெயித்தால் பிரையனும் அதில் மூன்றாவது ஆள் என்று ஆயிற்று.

எனக்கு இதில் சொந்த அக்கறை ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் என் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “நீங்க நல்ல ஒர்க்கர்தான். ஆனா...” என்று இழுத்திருந்தார். அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் வருகிற எதையும் அப்ரைசல் பாரத்தில் எழுத மாட்டார்கள். அனுபவஸ்தர்களுக்குத் தெரியும்.

ட்ரிபிள் ஹெச் மண்டையோட்டுச் சிம்மாசனத்தில், தங்க முகமூடியோடு ராஜா மாதிரி வந்தார். பக்கத்தில் முகமூடி அணிந்த மூன்று சேடிப் பெண்கள். அன்றைக்கு யாரும் கவனிக்காத அந்த மூவர் சார்லட், சாஷா பேங்க்ஸ், அலெக்ஸா பிளிஸ். பின்னாளில் மூன்று பேருமே சாம்பியன்கள்! அந்த சிம்மாசனம் இப்போது எங்கே கிடக்கிறதோ.

இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் சண்டை. பிரையனின் தோளில் கட்டு. ட்ரிபிள் ஹெச் அந்தத் தோளை மட்டும் குறி வைத்து முறுக்க முறுக்க, எனக்கு வலித்தது. கடைசியில் பிரையன் ஓடி வந்து முழங்காலால் முகத்தில் ஒரு போடு. ஒன்று, இரண்டு, மூன்று! ரூம்மேட் கட்டிலில் ஏறிக் குதித்ததில் ஒரு சட்டம் விரிசல் விட்டது. அன்றிரவு நடந்தவற்றில் சுத்தமான மேட்ச் இதுதான் என்பது என் கட்சி.

அடுத்து ‘ஷீல்ட்’ கோஷ்டி. மூன்று நிமிஷத்துக்குள் எதிராளிகளைச் சுருட்டி விட்டு நடையைக் கட்டினார்கள். பிறகு ஒரு கும்பல் சண்டை. அதில் சிஸாரோ, பிக் ஷோ என்கிற மலையை அலாக்காகத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே எறிந்தார். சபாஷ்! அப்பேர்ப்பட்டவரைக் கம்பெனி கடைசிவரை பெரிய இடத்தில் உட்கார வைக்கவே இல்லை. அது தனிப் புலம்பல்.

ஜான் சீனா - பிரே வயட் மேட்சில்தான் எனக்குக் கோபம். வயட் லாந்தர் விளக்கைத் தூக்கிக்கொண்டு, சதுப்பு நிலச் சாமியார் மாதிரி வருவார். சீனாவின் நல்லவன் வேஷத்தைக் கலைத்து, ‘என்னை நாற்காலியால் அடி, உனக்குள் இருக்கும் மிருகத்தை வெளியே விடு’ என்று மண்டியிட்டுக் கேட்கிறார். எவ்வளவு அருமையான கதை! அதில் வழக்கம் போல சீனாவையே ஜெயிக்க வைத்தால்? எத்தனையோ பட்டம் பார்த்தவருக்கு அந்த ஒரு வெற்றி எதற்கு? வளர்கிற பையனுக்கு அதுதான் ஆயுசுக்கும் சோறு. வயட் 2023 ஆகஸ்ட்டில், 36 வயதில் போய்ச் சேர்ந்தார். அதைக் கேட்ட பிற்பாடு அந்த மேட்சை மறுபடி பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அண்டர்டேக்கர் ரெஸில்மேனியாவில் முதலில் இறங்கியது 1991 மார்ச் 24. அன்று அவருக்கு 26-வது பிறந்த நாள். அதிலிருந்து 1994, 2000 தவிர எல்லா வருஷமும் வந்தார், எல்லா வருஷமும் ஜெயித்தார். ஷான் மைக்கேல்ஸை இரண்டு தடவை, ட்ரிபிள் ஹெச்சை மூன்று தடவை. 21-0. பட்டம் கைமாறும், கம்பெனி பெயர் மாறும், இது மட்டும் மாறாது. இன்கம்டாக்ஸ் மாதிரி ஒரு நிரந்தரம்.

மணி அடித்தார்கள். ஐந்தே நிமிஷத்தில் எனக்குச் சப்பென்று ஆகி விட்டது. அண்டர்டேக்கருக்கு அப்போது வயது 49. நடையில் வேகம் இல்லை, பிடியில் உறுதி இல்லை, எழுந்திருக்க நேரம் ஆகிறது. “என்னடா, தாத்தா மத்தியானத் தூக்கத்திலிருந்து நேரா எழுந்து வந்துட்டாரா?” என்று நான் கிண்டல் அடித்தேன். ரூம்மேட் சிரித்தான். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “அவனுக்கு உடம்பு சரியில்லையா” என்றார்.

லெஸ்னர் தோளில் தூக்கிச் சுழற்றி அடிக்கிற அடிக்கு எஃப்-5 என்று பெயர். ஒன்று போட்டார், எழுந்தார். இரண்டு போட்டார், எழுந்தார். அண்டர்டேக்கர் தன் கடைசி அஸ்திரத்துக்குத் தூக்கும்போது லெஸ்னர் அதைத் திருப்பி, மூன்றாவது எஃப்-5.

ஒன்று.

இரண்டு.

தோளை எடுத்து விடுவார், எப்போதும் எடுப்பார்...

மூன்று!

மணி அடித்தார்கள். எழுபத்தையாயிரம் பேர் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லை. லெஸ்னரின் வக்கீல் மாதிரி கூடவே வருகிற பால் ஹேமன் கண்ணை விரித்து நிற்கிறார். கூட்டத்தில் ஒரு ஆள் வாயைத் திறந்தது திறந்தபடி. ஸ்க்ரீனில் பெரிசாக 21-1 என்று விழுந்தபோதுதான் நடந்தது உறைத்தது. எங்கள் ரூமிலும் ஃபேன் சத்தம் மட்டும். பந்தயம் ஜெயித்த பெரியவர் மெஸ் சாப்பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள்தான் சேதி வந்தது. அண்டர்டேக்கர் உள்ளே போனதும் சுருண்டு விழுந்து விட்டார். தலையில் பலமான அடி, மூளை அதிர்ச்சி. நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலாளி வின்ஸ், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று மத்தியானத்துக்கு மேல் நடந்த எதுவும் தனக்கு ஞாபகமே இல்லை என்று அண்டர்டேக்கர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நான் தாத்தா என்று கிண்டல் அடித்தபோது அவருக்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரிந்திருக்குமோ என்னவோ! அந்த நிலைமையிலும் கனமான ஆசாமியைத் தூக்கி, அவருக்குக் காயம் படாமல் இறக்கி, தன் பங்கு வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார். ‘டூப்புதானே சார்?’ என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது இதைத்தான் சொல்வது.

முடிவு சரியா? எனக்கு இன்றைக்கும் சம்மதமில்லை. லெஸ்னர் ஏற்கெனவே பெரிய ஆள், யு.எஃப்.ஸி. நிஜச் சண்டையிலேயே சாம்பியன் பட்டம் வாங்கியவர். 21 வெற்றிகளின் மூலதனத்தை அவர் கணக்கில் வரவு வைத்ததற்குப் பதில் வயட் போன்ற ஒரு இளைஞனுக்குக் கொடுத்திருக்கலாம். ரூம்மேட் ஒப்புக்கொள்ள மாட்டான். “ஆகஸ்ட்ல சம்மர்ஸ்லாம்ல சீனாவை பதினாறு தடவை பின்பக்கமா தூக்கி அடிச்சானே மச்சி, அதை நம்ப முடிஞ்சதுக்கே காரணம் இதுதான்” என்பான். அதிலும் நியாயம் இருக்கிறது. நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

அதற்கப்புறம் பதினான்கு பெண்களின் மேட்ச். பாவம், சாவு வீட்டில் கச்சேரி பண்ணச் சொன்ன மாதிரி. ஏஜே லீ ஜெயித்தார். யாரும் பார்க்கவில்லை, நாங்களும்தான்.

மெயின் மேட்ச் தொடங்கும்போது மணி ஒன்று. பிரையனை மேஜையோடு சேர்த்து நொறுக்கி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக் கொண்டு போனார்கள். பாதி வழியில் ஸ்ட்ரெச்சரை விட்டு இறங்கித் திரும்பி வந்தார் பாருங்கள்... தமிழ் சினிமா தோற்றது! கடைசியில் பட்டிஸ்டா தரையைத் தட்டிச் சரணடைய, பி ப்ளஸ் ஆசாமி இரண்டு பெல்ட்டையும் தூக்கிக்கொண்டு நின்றார். கொட்டுகிற காகித மழையில் 75 ஆயிரம் பேரும் கையைத் தூக்கி ‘எஸ்! எஸ்!’ மேன்ஷனில் கீழ் ரூம்காரர் கம்பால் கூரையை இடிக்கும் வரை நாங்களும்.

காலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆபீஸ் போனேன். அந்த ‘ஆனா’வைப் பற்றி இன்றைக்கு நேருக்கு நேர் கேட்டு விடுவது என்று. மேனேஜர் லீவு.

கணக்குப் பிள்ளை புத்தி, ஒரு தகவலும் சொல்லி விடுகிறேன். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் கம்பெனி மாதம் 9.99 டாலருக்குச் சொந்த நெட்வொர்க் ஆரம்பித்திருந்தது. தனியாக ஐம்பது, அறுபது டாலர் அழுது பார்த்த ரெஸில்மேனியா அதற்குள்ளேயே வந்து விடும். மறுநாள் 6,67,287 சந்தாதாரர்கள் என்று அறிவித்தார்கள். போதாது என்று மார்க்கெட் முகம் சுளித்து, பங்கு விலை சரிந்தது. அன்றைக்குத் தோற்றவர்களில் அவர்களும் உண்டு.

பிரையனின் சந்தோஷமும் நீடிக்கவில்லை. மே மாதம் கழுத்தில் ஆபரேஷன், ஜூனில் பட்டம் பறிபோயிற்று. தலையில் வாங்கிய அடிகளால் 2016 பிப்ரவரியில் ஓய்வு அறிவித்து அழுதார். 2018-ல் டாக்டர்கள் அனுமதித்து மறுபடி வந்தார் என்பது வேறு கதை.

பெரியவர் அந்த வருஷக் கடைசியில் கும்பகோணத்தில் மகள் வீட்டோடு போய் விட்டார். 2015 மார்ச்சில் ரெஸில்மேனியா 31 முடிந்ததும் அவருக்குப் போன் போட்டேன்.

“சார், அண்டர்டேக்கர் திரும்ப வந்துட்டான் சார்! பிரே வயட்டை ஜெயிச்சுட்டான்!”

“அப்படியா... நடை எப்படியிருக்கு தம்பி? நல்லா நடக்கறானா?”

நன்றாக நடக்கிறான் என்றேன். சந்தோஷப்பட்டார். பந்தயத்தில் இன்னும் மூன்று நாள் மெஸ் பாக்கி இருப்பதையும் ஞாபகப்படுத்தினார்.