கூட வந்த மகளுக்கு என்ன பங்கு?

சொத்தும் சொந்தமும் - 14

நெல்லூர் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 1944-ல் துளசம்மா என்ற விதவை அங்கே ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றப் படி ஏறினார். கணவர் 1931-லேயே காலமாகிவிட்டார். பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து முழுவதும் கணவரின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் கையில் இருந்தது. தீர்ப்பு துளசம்மாவுக்குச் சாதகமாக வந்தது. பிறகு 1949-ல் இரு தரப்பும் ராஜி செய்துகொண்டார்கள். சில சொத்துகளைத் துளசம்மா ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது, அவர் காலத்துக்குப் பின் அவை மைத்துனருக்கே திரும்ப வேண்டும் என்பது ராஜியின் சாரம்.

1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு துளசம்மா சொத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டார், இன்னொரு பகுதியை விற்றார். ராஜிப் பத்திரத்தைக் காட்டி மைத்துனர் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-ல் துளசம்மாவின் பக்கம் முடிந்தது. ஜீவனாம்சம் என்பது அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இருந்த உரிமை. அதற்கு ஈடாகக் கொடுத்த சொத்தில் ‘ஆயுள் வரை’ என்று எழுதியிருந்தாலும், சட்டத்தின் 14-வது பிரிவு அதை முழு உரிமையாக உயர்த்திவிடும் என்றார்கள் நீதிபதிகள்.

விதவைகளுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய பாதுகாப்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மறுமணம் செய்துகொண்ட ஒருவர் இன்று உயில் எழுத உட்கார்ந்தால், பத்திர எழுத்தர் வழக்கமாக எழுதிக் கொடுப்பது 1949-ன் அதே வாசகத்தைத்தான்: ‘இரண்டாம் தாரம் ஆயுள் வரை அனுபவித்துக்கொண்டு, அவர் காலத்துக்குப் பின் மூத்த தாரத்துப் பிள்ளைகள் அடைய வேண்டியது.’ அந்த வரி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைப் பார்ப்பதற்கு முன், எதுவுமே எழுதாமல் போனால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். மனைவியை இழந்த ஒருவர், அவருக்கு ஒரு மகன். கணவரை இழந்த ஒரு பெண், அவருக்கு நான்கு வயதில் ஒரு மகள். இருவரும் மறுமணம் செய்துகொள்கிறார்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு கணவர் பெயரில் இருக்கிறது, மதிப்பு 90 லட்சம். அவருடைய தாயார் உயிரோடு இல்லை. உயிலும் இல்லை.

கணவர் முதலில் இறந்தால் மனைவிக்கு 45 லட்சம், மகனுக்கு 45 லட்சம். பின்னால் மனைவியும் போனால், அவருடைய பாதி அவர் பெற்ற மகளுக்குப் போகும். சித்தியைக் கடைசிவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டது அந்த மகனாகவே இருந்தாலும் அவருடைய பங்கில் அவனுக்கு ஒன்றும் இல்லை. 1987-ல் லச்மண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒரு பெண்ணின் வாரிசுகளில் முதல் வரிசையில் வரும் ‘மகன்’ என்ற சொல்லில் மாற்றாந்தாய் மகன் அடங்க மாட்டான்.

இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். மனைவி முதலில் இறந்து, பிறகு கணவர் இறந்தால் 90 லட்சமும் மகனுக்கு. நான்கு வயதில் கை பிடித்து வந்து ‘அப்பா’ என்று கூப்பிட்டு வளர்ந்த பெண்ணுக்கு ஒரு செங்கல்லும் கிடையாது. குடும்பம் அதேதான், வீடும் அதேதான். ஒரு பெண்ணுக்குப் பாதி வீடா, வெறுங்கையா என்பதை இரண்டு மரணங்களின் வரிசை தீர்மானிக்கிறது. மறுமணம் செய்துகொண்ட எத்தனையோ நல்லவர்கள் ‘எல்லாம் என் பிள்ளைகள்தானே, அடித்துக்கொள்ள மாட்டார்கள்’ என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். சட்டம் பெற்ற பிள்ளையையும் முறைப்படி தத்தெடுத்த பிள்ளையையும் மட்டுமே பார்க்கும், வளர்த்த பாசத்தைப் பார்க்காது.

சித்திக்குப் பிள்ளை இல்லை என்றால் கதை வேறு பக்கம் திரும்பும். அவர் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய மனைகூட, கணவரும் முன்னமே போயிருந்தால், ‘கணவரின் வாரிசுகள்’ என்ற வகையில் மூத்த தாரத்து மகனுக்குப் போய்விடும். அவரைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் அந்தத் தாய்க்கு அடுத்த வரிசைதான். 2009-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கில், திருமணமான மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்து, புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பிறந்த வீட்டு ஆதரவில் படித்து வேலை பார்த்த ஒரு பெண்ணின் சேமிப்பு கணவர் வழி உறவினர்களுக்கே போனது. பரிதாபத்தை வைத்துச் சட்டத்துக்குப் பொருள் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. அந்தப் பெண் உயில் எழுதியிருக்கவில்லை.

முதல் மனைவி உயிரோடு இருக்க, விவாகரத்து வாங்காமல் நடந்த இரண்டாம் திருமணம் செல்லாது. அந்த மனைவிக்கு வாரிசுரிமை இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கு உண்டு. 2023 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பின்படி, கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்குரிய பாகம் எதுவோ, அதிலும் அந்தப் பிள்ளைகள் பங்கு கேட்கலாம்.

மதத்துக்கு மதம் விதியும் மாறும். கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதிய பின் மறுமணம் செய்தால் அந்த உயில் அத்தோடு ரத்து. இந்துவுக்கு அப்படி இல்லை. முதல் மனைவி இருந்த காலத்தில் ‘எல்லாம் மகனுக்கே’ என்று எழுதிப் பீரோவில் வைத்த உயில், இரண்டாம் திருமணத்துக்குப் பிறகும் உயிரோடுதான் இருக்கும். அதை மறந்துபோன கணவர் இறந்தால் வீட்டில் இருக்கும் மனைவிக்குக் கிடைக்கும் அதிர்ச்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். முஸ்லிம் ஒருவர் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயில் எழுதலாம், அதுவும் பொதுவாக மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு எழுத முடியாது. கூட வந்த மகள் வாரிசு அல்ல என்பதாலேயே அந்த மூன்றில் ஒரு பங்கை அவளுக்குத் தாராளமாக எழுதி வைக்கலாம்.

‘நாமினியாகப் போட்டிருக்கிறேனே’ என்று சொல்பவர்கள் உண்டு. வங்கிப் பணத்துக்கும் பங்குகளுக்கும் நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, சொந்தக்காரர் வாரிசுதான். பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம். பழைய பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்று மறுமணம் செய்தவர் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இனி அந்த ‘ஆயுள் வரை’ வாசகத்துக்கு வரலாம். 2006-ல் உச்ச நீதிமன்றம் வேறு ஒரு வழக்கில், தன் சொந்தச் சம்பாத்தியத்தை உயில் மூலம் மனைவிக்கு ஆயுள் உரிமையாக மட்டும் எழுத ஒருவருக்கு உரிமை உண்டு, அது முழு உரிமையாக மாறாது என்றது. துளசம்மா தீர்ப்பின் வழி ஒன்று, இது இன்னொன்று. இரண்டையும் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்ற அமர்வுகளே வெவ்வேறு விதமாகத் தீர்ப்பளித்து வந்ததைப் பார்த்து, 2024 டிசம்பரில் அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பும்படி சொன்னார்கள்.

ஆகவே வீடு ஒன்றுதான் என்றாலும், மனைவிக்கு வேறு ஏதாவது முழுச் சொந்தமாகக் கொடுப்பது புத்திசாலித்தனம். டெபாசிட்டோ காப்பீட்டுப் பணமோ வாடகை வரும் ஒரு கடையோ இருக்கலாம். அவருடைய பிழைப்புக்கு வழி தனியாக இருந்தால், வீட்டில் குடியிருக்கும் உரிமை ஜீவனாம்சத்துக்கு ஈடு என்று பின்னால் வாதாடுவது கடினமாகும். எல்லாவற்றையும் மகனுக்கு எழுதிவிட்டு, சித்திக்கு ஒரு அறையும் மூன்று வேளைச் சோறும் என்று உயிலில் போடுவது அவரை மகனின் தயவில் நிறுத்துவதாகும். அப்படி எழுத எந்தக் கணவருக்கும் மனம் வரக் கூடாது.

உயிலில் ‘என் பிள்ளைகளுக்கு’ என்று பொதுவாக எழுதினால் கூட வந்த மகள் வெளியே நிற்க நேரிடும். ஒவ்வொருவர் பெயரும் உறவும் பங்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை, முத்திரைத் தாளும் தேவையில்லை. சாட்சிகள் எழுதுபவரைவிட இளையவர்களாக இருந்தால், நாளை கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் இருக்கும்.

இன்னொன்று, காரணம். பெற்ற மகனுக்குப் பங்கைக் குறைத்து வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் உயில் மீது சந்தேகம் எழும். அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்று 1959-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அந்த 90 லட்ச வீட்டுக்காரர் தன் உயிலில் இரண்டு வரி கூடுதலாக எழுதலாம்: ‘இவள் என் மனைவியின் மகள். நான்கு வயதிலிருந்து இவளை நான்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். என் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவே இவளுக்கும்.’